அடையாறில் ஒரு நாள் வனவாசம்

மூக்கில் கரி, முழங்காலில் சேறு, கையில் கொட்டாங்குச்சி. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அடையாறில் ஒரு பூட்டிய பங்களாவின் பின்தோட்டத்தில், நான் கட்டையோடு கட்டையைத் தேய்த்து நெருப்பு வரவழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே ஸ்டெல்லா என்கிற அம்மாள். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் கடை போட்டிருப்பவர். அவர் மூக்கிலும் கரி.

"மாமி, இது எரியாது" என்றார் ஸ்டெல்லா.

"எரியாட்டா நல்லதுதான்" என்றேன்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இளநீர் வண்டிக்காரர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். ஒரே உரசல். காலையிலிருந்து எங்களுக்கு வராத நெருப்பு அவருக்கு உடனே வந்துவிட்டது. அவர் எங்களை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஷூட்டிங்கா?" என்று கேட்டார்.

போன வாரம் நான் எழுதிய, குக்கர் வெயிட் எகிறிப்போய் அடுக்களைக் கூரையில் பதிந்த கதையைப் படித்துவிட்டு என் பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். "மைதிலி மிஸ், உங்களுக்கும் நெருப்புக்கும் ஜாதகமே பொருந்தலை" என்றாள். அடி அசடே, குக்கர் எல்லாம் ஒரு கதையா? கேள் இதை.

உத்தியோகம் என்ன?

என் பெண் சரண்யா கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஒரு சாயங்காலம் காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "அம்மா, நான் அமல்னு ஒருத்தனைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

"எந்த ஊர்?"

"சாந்தோம்."

மயிலாப்பூரில் எங்காத்திலிருந்து சாந்தோம் நடந்து போகிற தூரம். அவள் அமெரிக்கா என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு தூரமாகத் தோன்றியிருக்காது. அமெரிக்கா என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன், அது வேறு விஷயம்.

"என்ன பண்றான்?"

"ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு கம்பெனியில எஞ்சினியரா இருந்தான். அதை விட்டுட்டு இப்போ காட்டுல எப்படி வாழறதுன்னு க்ளாஸ் எடுக்கறான். தீப்பெட்டி இல்லாம நெருப்பு மூட்டறது, கயிறு திரிக்கறது, தண்ணியைச் சுத்தம் பண்றது, கிளையும் ஓலையும் வெச்சுக் குடிசை போடறது."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"எதுக்கு?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் விடவில்லை. "கட்டையைத் தேச்சு நெருப்பு உண்டாக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமாடி? ஆதிமனுஷன் அதைத்தான் பண்ணிண்டிருந்தான். அவனுக்கு யார் பொண்ணு குடுத்தா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து எங்காத்துக்காரரின் குரல் வந்தது. "குடுத்திருக்கா மைதிலி. இல்லாட்டா நீயும் நானும் எப்படி வந்திருப்போம்?"

இந்த மனுஷர் எப்போதும் இப்படித்தான். வாயைத் திறந்தால் எதிர்க்கட்சி.

பொய் சொல்வானேன்? தொண்டையில் முதலில் சிக்கியது உத்தியோகம் இல்லை, மதம்தான். ஆனால் முப்பது வருஷம் எல்லா மதத்துக் குழந்தைகளுக்கும் அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்துவிட்டு அதைச் சொல்ல எனக்கே வாய் கூசியது. உத்தியோகம் வசதியாகக் கைக்கு அகப்பட்டது. அதையே பிடித்துக்கொண்டு தினமும் சண்டை போட்டேன். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. இருப்பது ஒரே பெண். அவள் போய்விட்டால் எங்காத்தில் பேப்பரும் நானும்தான்.

கடைசியில் சரண்யா ஒரு நிபந்தனை போட்டாள். "அம்மா, ஒரே ஒரு நாள் அவன் க்ளாஸுக்கு வா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் முழுசா இரு. முடிஞ்சதும் நீ வேண்டாம்னு சொன்னா, வேண்டாம். திரும்பி அந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன்."

என் பெண் சொன்னால் சொன்னதுதான். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது என்னிடம் கோபித்துக்கொண்டு 'இனிமே ரசம் தொடமாட்டேன்' என்றவள், இன்றுவரை கல்யாணப் பந்தியில்கூட நேரே மோர் சாதம்தான். ஆகையால் ஒரு பகல் பொறுத்தால் போதும், காரியம் முடிந்தது என்று சம்மதித்தேன்.

தி. நகரில் காட்டு உடுப்பு

வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்தான். அதற்காகத் தெரியாமல் சொல்கிறாள் என்று பெயர் வாங்குவேனா? சிலபஸ் பார்க்காமல் பரீட்சைக்குப் போகிற வழக்கம் எனக்கில்லை.

முதலில் உடுப்பு. புடவை கூடாதாம். தி. நகர் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு கடையில் நுழைந்து, பாக்கெட் வைத்த கனமான பேன்ட் கேட்டேன். கடைப் பையன், "டூருக்கா ஆன்ட்டி?" என்றான்.

"இல்லைப்பா, காட்டுக்கு."

"எந்தக் காடு ஆன்ட்டி?"

"அடையாறு."

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அடையாறுக்கு இந்தக் கலர் நல்லா இருக்கும்" என்று ஒரு பச்சை பேன்ட்டை எடுத்துப் போட்டான். தி. நகர்க் கடைக்காரர்களை எமலோகத்தில் கொண்டுபோய் விட்டாலும் அங்கே வருகிறவர்களுக்கு ஏற்ற கலர் எடுத்துக் கொடுப்பார்கள்.

பேன்ட் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றேன். எங்காத்துக்காரர் பேப்பரை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அறுபது வயசுல காட்டுக்குப் போறதுக்கு வானப்பிரஸ்தம்னு பேரு. புருஷனையும் அழைச்சுண்டு போகணும்" என்றார். "வாங்கோளேன்" என்றேன். பேப்பர் மறுபடி ஏறிவிட்டது.

அடுத்தது நெருப்பு. அமல் முன்கூட்டியே பழகிப் பார்க்கச் சொல்லி சரண்யாவிடம் ஒரு பூவரசம் பலகை, ஒரு குச்சி, கயிறு கட்டிய சின்ன வில் எல்லாம் கொடுத்தனுப்பியிருந்தான். பலகையில் ஒரு குழி இருக்கும். குச்சியைக் குழியில் நிறுத்தி, மேலே கொட்டாங்குச்சியால் அழுத்திக்கொண்டு, வில்லின் கயிற்றைக் குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றி முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். குச்சி சுழன்று, பலகை சூடாகி, கறுத்த தூள் விழும். அந்தத் தூளில் கங்கு பிடிக்கும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

பால்கனியில் உட்கார்ந்து இழுத்தேன். கங்கு வரவில்லை, கிரீச் கிரீச் என்று சத்தம் வந்தது. சத்தத்துக்குப் பின்னால் ஃப்ளாட் செக்ரட்டரி வந்தார்.

"மாமி, ஞாயித்துக்கிழமை ட்ரில்லிங் வேலை கூடாதுன்னு நோட்டீஸ் போட்டிருக்கே."

"இது கரண்ட் இல்லாத ட்ரில் சார். நோட்டீஸ்ல அது இல்லை."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் அதையும் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நம்மவர்கள் ஹோமத்துக்கு அரணிக் கட்டை கடைந்து நெருப்பு எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே! எங்காத்து விசேஷங்களை நடத்தி வைக்கிற வாத்தியார் ஸ்வாமிக்குப் போன் போட்டேன்.

"அரணியா? பேஷா தெரியுமே மாமி. அதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் மேலேர்ந்து நன்னா அழுத்திக்கணும், இன்னொருத்தர் ரெண்டு கையாலயும் கயிறைப் பிடிச்சுண்டு தயிர் கடையற மாதிரி இழுக்கணும். ரெண்டு பேருக்கும் மனசு ஒத்துப் போகணும், இல்லாட்டா வராது."

"நீங்க பண்ணியிருக்கேளா?"

"நானா? நான் தீப்பெட்டி எடுத்துண்டு வந்துடுவேன். கற்பூரமும் வெச்சிருப்பேன்."

இன்னொரு நிபந்தனை

அந்த அடையாறு பங்களாவின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். தோட்டத்தை யாரும் பார்க்காமல் விட்டதில் மாமரமும் புதரும் கொடியும் மண்டி, உள்ளே நுழைந்தால் காடுதான். ஆனால் காதை மூட முடியாது. ஒரு பக்கம் பஸ் ஹாரன், ஒரு பக்கம் பழைய பேப்பர்காரர், மேற்கே ஐந்து மாடி ஃப்ளாட்டிலிருந்து மிக்ஸி சத்தம்.

வாசலில் ஒரு அட்டைப் பெட்டியில் எல்லாருடைய போனையும் வாட்சையும் வாங்கிக்கொண்டார்கள். பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். மிலிட்டரிச் சட்டை போட்ட ஒருவர், இடுப்பில் வாள் மாதிரி கத்தி ஒன்றைச் செருகிக்கொண்டு, அமலுக்கு முன்னால் அவரே வகுப்பெடுக்க ஆரம்பித்தார். என்னையும் பக்கத்திலிருந்த அம்மாளையும் பார்த்து, "ஆன்ட்டீஸ் ரெண்டு பேரும் நிழல்ல ரெஸ்ட் எடுங்க. எங்க நெருப்புல உங்களுக்கும் சேர்த்துச் சமைச்சுடறோம்" என்றார். கரிசனம்தான். ஆனால் எனக்கு நெற்றிப்பொட்டில் சுர்ரென்றது.

அமல் ஒல்லியாக, தாடியோடு, தணிந்த குரலில் பேசினான். அன்றைய விதி ஒன்றே ஒன்று. இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து நெருப்பு உண்டாக்கணும். தீப்பெட்டி, லைட்டர் கூடாது. சாயங்காலத்துக்குள் யாராவது ஒரு ஜோடியின் நெருப்பில் சோறு பொங்கி எல்லாரும் சாப்பிடணும். வராவிட்டால் எல்லாருக்கும் பொரியும் வெல்லமும்.

முதலில் கடிகாரம் இல்லாமல் மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தான். கையை நேரே நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே விரல்களைப் படுக்க வைத்து எண்ணணும். ஒரு விரல் என்றால் பொழுது சாயக் கால் மணி நேரம் பாக்கி.

நான் சும்மா இருப்பேனா? "அடிவானம் எங்கேப்பா இருக்கு? அங்கே ஃப்ளாட்னா இருக்கு?"

"ஃப்ளாட் இல்லைன்னு வெச்சுக்கோங்க ஆன்ட்டி."

முப்பது வருஷமாக 'எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் ஜோடி சேர்த்தார்கள். எனக்கு வாய்த்தவர்தான் ஸ்டெல்லா. பூப்போட்ட புடவையைத் தூக்கிச் செருகி, அதற்கு மேல் மகனின் முழுக்கை பனியனைப் போட்டிருந்தார். இரண்டு பேரும் மாமரத்தடியில் உட்கார்ந்து தேங்காய் மட்டையை நார் நாராகப் பிரித்தோம். கங்கு வந்தால் வைத்து ஊதுவதற்கு அதைக் குருவிக்கூடு மாதிரி சுருட்டி வைக்கணும்.

திடீரென்று மரத்திலிருந்து ஒரு கம்பளிப்பூச்சி ஸ்டெல்லாவின் தோளில் விழுந்தது. அவர் போட்ட கூச்சலில் மிலிட்டரிச் சட்டைக்காரர் கத்தியை உருவிவிட்டார்.

"நீங்க கடல்ல எல்லாம் பார்த்திருப்பேளே, இதுக்குப் போயா?" என்றேன்.

"கடல்ல கம்பளிப்பூச்சி கீதா மாமி? எனக்குக் காடுன்னாலே பேஜாரு. எம்புள்ளைக்காக வந்து மாட்டிக்கினேன்."

"எது உங்க புள்ளை?"

"தோ, தாடி வெச்சுக்கினு வெறகு பொறுக்கிக்கினு கீதே, அதான்."

என் கையிலிருந்த மட்டை நழுவிவிட்டது. அவர் என்னைக் கவனிக்கவில்லை, தன் பாட்டுக்குப் பொரிந்து தள்ளினார். "கஸ்டப்பட்டு எஞ்சினியருக்குப் படிக்க வெச்சேன் மாமி. ஏசி ரூம்ல ஒக்காருவான்னு பாத்தா, வேலைய வுட்டுட்டு கட்டையத் தேச்சுக்கினு கீறான். எங்க தாத்தாவே தீப்பெட்டி வெச்சிருந்தாரு! இதுல மயிலாப்பூர்ல ஒரு பொண்ண வேற பாத்து வெச்சிருக்கானாம். மீனைக் கண்டா மூக்கைப் பிடிச்சிக்கிற வூடு. ஒரு நாள் இங்க வந்து இரு, அப்பறமும் வாணாம்னு சொன்னா வுட்டுர்றேன்னான். சொல்லிட்டுப் போலாம்னு வந்துக்கீறேன்."

"அந்தப் பொண்ணோட அம்மா நான்தான்."

ஸ்டெல்லா நழுவிய மட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, "உங்களாண்டயும் அதே பேச்சுதானா?" என்றார். "அதேதான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப ரெண்டு பேரும் சேந்து வாணாம்னு சொல்லிட்டா மேட்டர் ஓவர்!"

அந்த வினாடியிலிருந்து அவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காலையிலிருந்து அங்கே எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி.

ஃப்ரிட்ஜ் நின்ற தெரு

நார் பிரிக்கப் பிரிக்கப் பேச்சு வளர்ந்தது. எதற்கோ ராகு காலத்தைப் பற்றிப் பேச்சு வந்து, நான் எங்காத்து ஃப்ரிட்ஜ் கதையைச் சொன்னேன்.

பழைய கதை. சரண்யா தொட்டிலில் இருந்த காலம். முதன்முதலாக ஃப்ரிட்ஜ் வாங்கினோம். வண்டிக்காரர்கள் சரியாக ராகு காலத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளே விடமாட்டேன் என்று வாசற்படியில் நின்றுவிட்டேன். ஃப்ரிட்ஜ் ஒன்றரை மணி நேரம் நடுத்தெருவில் நின்றது. மாடு ஒன்று வந்து அதன் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்தது. இறக்க வந்தவர்களுக்கு இரண்டு தடவை காபி கொடுத்தேன். ராகு காலம் முடிந்ததும் அவர்களே 'மாமி, நேரம் ஆச்சு' என்று குரல் கொடுத்து, வலது காலை எடுத்து வைத்துத் தூக்கி வந்தார்கள். அந்த ஃப்ரிட்ஜ் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தது. எங்காத்துக்காரர் கம்பெனிக்குப் பாராட்டு என்பார். எனக்குத் தெரியும் காரணம்.

"அப்ப ராகு காலத்துல சோறு கூட ஆக்க மாட்டீங்களா?" என்றார் ஸ்டெல்லா.

"அதெல்லாம் பார்த்தா ஊரே பட்டினின்னா கிடக்கணும்? தினப்படி சமையலுக்குக் கிடையாது. நல்ல காரியம் ஆரம்பிச்சா மட்டும்தான்."

ஸ்டெல்லா குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்கதான். ஆனா புதுப் போட்டைக் கடல்ல எறக்கறப்ப எங்க வூட்டுக்காரரும் நேரம் பாத்தாரு. ஃபாதராண்ட சொல்லிராதீங்க."

நெருப்பில்லாமல் புகைந்தது

நெருப்பில்லாமல் புகையுமா என்பார்கள். அன்று பகல் முழுக்க எங்களுக்கு நெருப்பில்லாமல்தான் புகைந்தது. எனக்கு முழங்கால் மடங்காது. ஸ்டெல்லாவுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டு வில் இழுக்க வராது. குச்சி எகிறி எகிறி விழுந்தது. ஒரு தடவை மிலிட்டரிச் சட்டைக்காரர் மேலேயே விழுந்தது. அவருக்கும் நெருப்பு வரவில்லை என்பதில் எனக்கு இருந்த ஆறுதலை என்ன சொல்ல!

"டேய் அமலு, இத்த கொஞ்சம் பத்த வெச்சுக் குடுடா" என்று ஸ்டெல்லா மகனைக் கூப்பிட்டார்.

"யம்மா, இங்க நான் உன் புள்ளை இல்ல. வாத்தியாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடியைப் பார்க்கப் போனான்.

சபாஷ் என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. என் வகுப்பில் சரண்யாவே படித்தபோது அரை மார்க் கூடப் போட்டுக் கொடுக்காதவள் நான். அந்தக் குரலைத் தலையில் தட்டி உட்கார வைத்தேன். சற்று நேரத்தில் அவன் எங்கிருந்தோ ஒரு மணைப் பலகையைக் கொண்டுவந்து, பேசாமல் என் பின்னால் வைத்துவிட்டுப் போனான். காலை மடக்காமல் உட்கார முடிந்தது. நான் யாரிடமும் முழங்காலைப் பற்றிச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை பார்த்திருக்கிறான். இப்படியெல்லாம் பண்ணினால் ஒரு மனுஷி எப்படித்தான் வேண்டாம் என்று சொல்வாள்?

மத்தியானம் தூறல் போட்டது. பிரித்து வைத்த நார் எல்லாம் நமுத்துப்போனது. வெயில் அப்புறம் வரவே இல்லை. ஒவ்வொரு ஜோடியாகக் கையைத் துடைத்துக்கொண்டு பொரிக்குத் தயாரானார்கள். வகுப்புக்கு உதவிக்கென்று வந்திருந்த சரண்யா அரிசிப் பானையோடு ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஸ்டெல்லா என் காதோடு, "மாமி, எம் பையில லைட்டர் கீது. யாரும் பாக்கல" என்றார்.

என் பையிலும் கற்பூரமும் தீப்பெட்டியும் இருந்தன. ஆனால் முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் நின்று, பாவாடை மடிப்பிலிருந்தும் ஜாமெட்ரி பாக்ஸின் அடியிலிருந்தும் பிட்டுப் பேப்பர் பிடித்தவள் நான். "கூடாது ஸ்டெல்லா. ஃபெயிலானாலும் நேர்மையா ஃபெயிலாகணும்" என்றேன்.

"நாமதான் வாணாம்னு சொல்லப் போறோமே, அப்பறம் இன்னாத்துக்கு நேர்மை?"

நியாயமான கேள்விதான். பதில் தேடினபோதுதான் வாத்தியார் ஸ்வாமி ஞாபகத்துக்கு வந்தார். ரெண்டு பேர் வேணும், தயிர் கடையற மாதிரி. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வில்லைத் தூக்கி எறிந்தேன். "நான் கொட்டாங்குச்சியால அழுத்திக்கறேன். நீங்க கயிறை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுங்கோ. தோளைத் தூக்க வேண்டாம், முழங்கையால இழுத்தாப் போதும்." காய்ந்த நாருக்கும் என் பையிலேயே வழி இருந்தது. சமைத்த பானையைத் தேய்க்க யாரும் எதுவும் வைத்திருக்க மாட்டார்கள் என்று, வீட்டிலிருந்து ஒரு பிடி தேங்காய் நாரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அமலைக் கேட்டேன். தேங்காய் நாருக்குத் தடையில்லை என்றான்.

ஸ்டெல்லா இழுத்தார். நான் அழுத்தினேன். 'மெதுவா', 'இன்னும் கொஞ்சம்', 'வுடாத மாமி, அழுத்து' என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு கடைந்தோம். புகை குபுகுபுவென்று வந்தது. கண் எரிந்தது. கறுத்த தூள் குவிந்தது. குச்சியை எடுத்த பிறகும் தூள் மட்டும் தனியாகப் புகைந்தது. அதன் நடுவில் மிளகளவு சிவப்பு.

"வந்துச்சு! மாதாவே, வந்துச்சு!" என்று ஸ்டெல்லா கத்தினார். நான் கபாலியைக் கூப்பிட்டேன். எல்லாரும் ஓடி வந்தார்கள். கங்கோடு தூளை நார்க்கூட்டில் கொட்டி ஸ்டெல்லா இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உதட்டைக் குவித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம்.

"ஊதாதீங்கோ! மணி என்ன? நாலரை ஆயிட்டா ராகு காலம்!"

"யம்மாடி, கங்கு அணையுது மாமி! சோறாக்கறதுக்கு இன்னாத்துக்கு ராகு காலம்? நீங்கதான சொன்னீங்க, சமையலுக்குக் கெடயாதுன்னு!"

"இது வெறும் சமையல் இல்லை! நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து மூட்டற முதல் அடுப்பு. நல்ல காரியத்தைப் போய் ராகு காலத்துலயா ஆரம்பிக்கறது?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

மிக்ஸி சத்தம்கூட நின்றுவிட்டது. சரண்யாவின் கையில் அரிசிப் பானை சாய்ந்து அரிசி சரசரவென்று கொட்டிக்கொண்டிருந்தது, அவள் பார்க்கவில்லை. ஸ்டெல்லா கையில் கங்கு இருப்பதையும் மறந்து என்னையே பார்த்தார்.

"இன்னா நல்ல காரியம் மாமி?" என்றார் மெதுவாக.

வகுப்பில் ஒரு நாளும் பதில் தெரியாமல் நின்றவளில்லை நான். அன்றைக்கு நின்றேன். "எது? நம்மாத்து நல்ல காரியம்தான்" என்றேன். அதைச் சொல்லவா அத்தனை மாதம் சண்டை போட்டேன் என்றிருந்தது.

கங்கு மங்கிக்கொண்டு வந்தது. "டேய் அமல்! மணி சொல்லுடா!" என்று கத்தினேன். அவனை நான் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

அவன் தோட்டத்து நடுவுக்கு ஓடினான். மேற்கே பார்த்துக் கையை நீட்டினான். ஒரு கண்ணை மூடி, விரல்களைப் படுக்க வைத்து எண்ணினான். திரும்பினான்.

"நாலரைக்கு இன்னும் ஒரு விரல் பாக்கி இருக்கு ஆன்ட்டி!"

"நிச்சயமாவா?"

"நிச்சயமா ஆன்ட்டி!"

"அப்போ ஊதுங்கோ!"

"நீயும் ஊது சம்மந்தி!" என்றார் ஸ்டெல்லா.

இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஊதினோம். நார் ஒரு முறை சிணுங்கி, பக்கென்று பற்றிக்கொண்டது. என் முன்நெற்றி முடி கொஞ்சம் கருகியது. யாரோ கைதட்டினார்கள். மிலிட்டரிச் சட்டைக்காரர் கத்தியைச் செருகிக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வரிசையில் வந்து உட்கார்ந்தார். "வாங்கோ, உங்களுக்கும் சேர்த்துச் சமைச்சுடறோம்" என்றேன்.

சோறு அரைவேக்காடு, அடி பிடித்திருந்தது, புகை நாற்றம் வேறு. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கிளம்பும்போது சரண்யா போன் பெட்டியிலிருந்து என் வாட்சை எடுத்துவந்து கையில் கட்டிவிட்டாள். நான் அழுதேன். புகை எப்போதோ அடங்கியிருந்தது, அதன்மேல் பழி போட வழியில்லை.

ஒரு விரல்

தை பிறந்ததும் ஸ்டெல்லாவும் அவர் வீட்டுக்காரரும் அமலும் தட்டு மாற்றிக்கொள்ள எங்காத்துக்கு வந்தார்கள். நல்ல நேரம் பார்த்துச் சொன்னது நான். அதற்குக் கால் மணி முன்னாலேயே வந்து தெருமுனையில் காத்திருந்து, சரியான நேரத்துக்குப் படியேறியது ஸ்டெல்லா. தாலியா மோதிரமா, சர்ச்சா சத்திரமா என்று கூடத்தில் பெரிய விவாதம். எங்காத்துக்காரர் எல்லாவற்றுக்கும் எதிர்க்கட்சி.

அமல் மட்டும் பால்கனியில் தனியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு மனசில் ஒரு முள். கணக்கு டீச்சர், விடை சரியாக இருந்தாலும் வழிமுறையைப் பார்க்காமல் விடமாட்டேன்.

"ஏண்டாப்பா, அன்னிக்கு நிஜமாவே நாலரை ஆகலையா?"

அவன் டம்ளருக்குள்ளேயே பார்த்தான். "மேகமா இருந்துச்சு ஆன்ட்டி. மேக்கால அந்த ஃப்ளாட்டு வேற. சூரியனே தெரியல."

"பின்னே ஒரு விரல்னியே?"

"கங்கு அணையப் போச்சு ஆன்ட்டி."

பிட்டுப் பேப்பர் பிடிக்கிற என் பழைய கை துறுதுறுத்தது. உள்ளே ஸ்டெல்லா எதற்கோ உரக்கச் சிரிப்பதும், சரண்யா கூடச் சிரிப்பதும் கேட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். இந்தப் பிள்ளை ஒரே பொய்யில் முடித்துவிட்டான்.

"காபி ஆறிடுத்து பார்" என்று டம்ளரை வாங்கிக்கொண்டுபோய், மாப்பிள்ளைக்குச் சூடாக இன்னொரு டம்ளர் கலந்து கொண்டுவந்தேன்.